கச்சான் அடிக்கும் கரையில் ஒரு வீடு

"வெயில் மண்டையைப் பிளக்குமே, அங்க போயா வீடு வாங்கியிருக்கீங்க?"

வேளச்சேரி அடுக்ககத்தில் நாங்கள் காலி செய்து கிளம்பிய வாரம் முழுக்க இந்தக் கேள்விதான். மலையடிவாரம், கொடைக்கானல், கோயம்புத்தூர்ப் பக்கம் என்று போகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு போகும் வழியில் ஒரு கடலோரச் சிற்றூர் என்றால் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்ன பதிலை இங்கே எழுதிவைக்கிறேன். கடற்கரையில் வீடு வாங்கலாமா என்று யோசிக்கிற யாருக்காவது உதவும்.

எங்கள் மாவட்டத்துக்குச் சோறு போடுவதே வெயில்தான். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பளங்களில் விளைகிறது. மழை குறைவு, வெயில் நீளம், காற்று விடாமல் வீசும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால்தான் பாத்தியில் தண்ணீர் சுண்டி உப்புப் பூக்கும். தை, மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை அளத்தில் வேலை நடக்கும். தேரி என்கிற செம்மணல் காட்டில் பனை பதநீர் சுரப்பதும், உடன்குடிக் கருப்பட்டி காய்ச்சுவதும், கரையில் நெத்திலி காய்வதும் இதே வெயிலில்தான். வெயிலுக்கு ஒளிந்துகொள்ளாமல் அதை வைத்தே பிழைக்கத் தெரிந்த ஊர் இது. நான் பிறந்ததும் இங்கிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே, சாத்தான்குளம் பக்கம்தான். வாழ்க்கையில் பாதியைச் சென்னையில் கழித்துவிட்டதால் இதெல்லாம் மறந்துபோயிருந்தது.

சென்னையும் கடற்கரைதானே என்று கேட்கலாம். கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, நாலு பக்கமும் அடுக்ககம் சூழ்ந்த இரண்டாவது மாடியில் இருக்கிறவனுக்குக் கடல் இருந்தும் இல்லாத மாதிரிதான். என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அந்த வீட்டில் காலை பத்து மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிக்கு எழுந்திருப்பாள். பகலில் அவளிடம் பேச ஆளில்லை. ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது, "இன்னைக்குக் கூரியர் பையன் வந்தாம்பா, நல்லாப் பேசினான்" என்றாள். அன்றைக்குத்தான் ஊர்ப்பக்கம் வீடு தேடுவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. இணையம் இருந்தால் எங்கிருந்தும் பார்க்கலாம். மகள் விடுதிக்குப் போய்விட்டாள். தடுக்க ஒன்றுமில்லை.

தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் பட்டதெல்லாம் கடல் தெரிகிற மனைகள். ஒரு தரகர் எங்களைச் சவுக்குத் தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போய், "இந்தா, வாசல்ல நின்னா அலை கால்ல படும்" என்றார். பட்டா இருந்தது, வில்லங்கச் சான்றிலும் குறை இல்லை. ஆனால் கடல் எண்பது மீட்டரில் இருந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று ஒன்று இருப்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டுகிற எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதிதாக வீடு கட்ட முடியாது. 500 மீட்டர் வரை கட்டுப்பாடுகள் உண்டு. 2019-இல் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் கிராமங்களில் அந்த 200-ஐ 50 மீட்டராகக் குறைத்தது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால்தான் அந்தச் சலுகை. பாரம்பரிய மீனவக் குடும்பங்களுக்கென்று தனி விலக்குகளும் உண்டு, அது நியாயம். வெளியிலிருந்து வருகிற நமக்கு அவை பொருந்தா. பட்டா இருப்பது வேறு, கட்ட அனுமதி கிடைப்பது வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். நிலம் அவர்கள் பெயரில் இருக்கிறது, சவுக்குதான் வளர்கிறது.

அந்த மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "கடலைப் பாக்கணும்னா நடந்து வந்து பாருங்க அண்ணாச்சி. வீட்டை அது பாக்கிற மாதிரி வைக்காதீங்க" என்றார். சட்டப்புத்தகத்தைவிட அது எனக்கு நன்றாகப் புரிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் பக்கம் இலங்கை குறுக்கே கிடந்ததால் அலையின் வேகம் பெரும்பாலும் அங்கேயே அடங்கியது. ஆனால் கடல் வேறு வகையிலும் கரையைத் தின்னும். 2025 தொடக்கத்தில் திருச்செந்தூர்க் கோயிலுக்கு நேர் எதிரே, பக்தர்கள் இறங்கிக் குளிக்கிற இடத்தில், மண் அரித்து ஆளுயரத்துக்குச் சரிந்துவிட்டது. ஓரிடத்தில் கல் கொட்டிக் கரையைக் காத்தால் அடுத்த ஊரில் மணல் குறையும். கடலுக்குள் நீட்டிக் கல் அடுக்குகிற தூண்டில் வளைவு போட்ட ஊரும் போடாத ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது இதை நேரிலேயே பார்க்கலாம்.

நாங்கள் வாங்கிய வீடு கடலிலிருந்து அறுநூறு மீட்டர் உள்ளே, ஊருக்கு நடுவில் இருக்கிறது. பின்கட்டு மொட்டை மாடியில் ஏறினால் தென்னைகளுக்கு இடையே ஒரு விரல் அகலத்துக்கு நீலம் தெரியும். அது போதும்.

அதற்கு முன்னால் வேறொரு வீட்டைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டோம். பதினெட்டு வருடம் ஆன கான்கிரீட் வீடு, சமீபத்தில் வண்ணம் அடித்துப் பளபளவென்று இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போனோம். அறுபதைத் தாண்டியவர். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, ஸ்டூல் மேல் ஏறி, கூரையின் அடிப்பக்கத்தைச் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங் என்று வந்துகொண்டிருந்த சத்தம், சன்னல் பக்கம் வந்ததும் தொப் என்று மாறியது. அங்கேயே நின்று இன்னும் நாலு தட்டு. தொப், தொப். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கீழே விழுந்தது. உள்ளே கம்பி செம்மண் நிறத்தில், வெற்றிலைச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிந்திருந்தது. விரலால் தொட்டுக் காட்டினார், பொடியாக உதிர்ந்தது. "இதுல கம்பியே இல்ல அண்ணாச்சி, துருதான் இருக்கு. பெயின்ட்டைப் பாத்து ஏமாந்துராதீங்க."

காரணம் சிக்கலானதல்ல. காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளை வழியே மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும், கம்பி வீங்கும். வீங்குகிற கம்பிக்கு இடமில்லாமல் மேலே மூடியிருக்கும் கான்கிரீட் வெடிக்கும்; அந்த வெடிப்பு வழியே இன்னும் உப்பும் ஈரமும் உள்ளே போகும். அதனால்தான் நம் நாட்டுக் கட்டுமான விதியான ஐ.எஸ். 456, கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் இருக்கவேண்டும், கலவையின் வலிமைத் தரம் எம் 30-க்குக் குறையக்கூடாது என்கிறது. உள்ளூரில் சாதாரணமாக விடுவது 20, 25 மில்லிமீட்டர்தான். கடலோரத்தில் புதிதாகக் கட்டுகிறவர்கள் மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது. கலவைக்கு உப்புத் தண்ணீர் சேர்ப்பதும் கழுவாத கடல்மணல் போடுவதும் வீட்டுக்குள் நாமே துருவைக் கூப்பிட்டு உட்காரவைப்பதுதான்.

அப்புறம் அந்தக் கொத்தனாரே காட்டிய வீடுதான் இப்போது நாங்கள் இருப்பது. தடித்த சுவர், சுண்ணாம்புக் காரை, பனஞ்சட்டம் வைத்த ஓட்டுக் கூரை, முன்னால் திண்ணை, பின்னால் கிணறு. கம்பியே இல்லாத வீட்டில் துரு எங்கிருந்து வரும்? பின்பக்கச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளப்பாறைக் கல் தெரிகிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் தேனடை மாதிரி சின்னச் சின்னக் கண்கள். ஒரு காலத்தில் இந்தக் கரையில் அதுதான் செங்கல். சுண்ணாம்பும் அதைச் சுட்டு எடுத்ததுதான். இன்றைக்கு மன்னார் வளைகுடாவில் பவளத்தைத் தொட்டாலே குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அந்த வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணம். என் வீட்டுச் சுவரைத் தடவும்போதெல்லாம் இந்த நினைப்பு வரத்தான் செய்கிறது. இருக்கிற சுவரைப் பத்திரமாகக் காப்பாற்றுவது மட்டும்தான் நான் செய்யக்கூடியது. அதற்குச் சிமென்ட் பூசக் கூடாது, சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே பூட்டிவைக்கும்.

பத்திரம் முடியத்தான் எட்டு மாதம் பிடித்தது. இந்தக் கரையூர்களில் பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தாத்தா பெயரில் மூலப்பத்திரம் இருக்கும். வாரிசுகள் தூத்துக்குடியில் இரண்டு பேர், மும்பையில் ஒருவர், கொழும்பில் ஒருவர், கப்பலில் ஒருவர் என்று சிதறியிருப்பார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் வீடு நம்முடையது. ஒருவரை விட்டுவிட்டு, "அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்ற வாய்வார்த்தையை நம்பி முடிக்கவே கூடாது. எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு அதிகாரப் பத்திரம் வந்து சேரவே நான்கு மாதமானது. 2022-இல் நாங்கள் பதிந்தபோது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், வழிகாட்டி மதிப்பு கூடியது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் கடலோர வீட்டைப் பற்றிப் பேச முடியாது. திருச்செந்தூரில் கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நாழிக்கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் சுரப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே சுமார் நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆழ்துளை போட்டு மோட்டாரால் உறிஞ்சி மேல்மட்டம் ஓரடி இறங்கினால், உப்பு அடியிலிருந்து நாற்பதடி ஏறி வரும். ஒருமுறை உப்பேறிய கிணற்றை மீட்பது பல மழைக்காலத்து வேலை. எங்கள் தெருவில் ஆழ்துளை போட்ட ஒரு வீட்டில் இப்போது தண்ணீர் கரிக்கிறது. பக்கத்திலேயே எங்கள் பதினைந்தடிக் கிணறு தெளிந்து கிடக்கிறது. வாளி போட்டு இறைக்கிறோம். மாடித் தொட்டிக்கு மட்டும் சின்ன மோட்டார், அதுவும் கால்மணி நேரம். கூரைத் தண்ணீர் முழுவதையும் கிணற்றுப் பக்கம் திருப்பியிருக்கிறேன். வீடு பார்க்கப் போகிறவர்கள் சித்திரை, வைகாசியில் போய் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் இனிக்கும்.

இவ்வளவும் சிரமம்தான். இரும்புக் கேட், குளிர்சாதனப் பெட்டியின் வெளிக்கூடு, ஸ்கூட்டர், எதுவானாலும் சென்னையில் வருகிற ஆயுளில் பாதிதான் வரும். பெரிய மருத்துவமனை என்றால் தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பாளையங்கோட்டை அதைவிடத் தூரம். அம்மாவுக்காகவே இதைப் பலமுறை யோசித்தோம். சரி, பிறகு எதற்கு வந்தோம்?

காற்றுக்காக வந்தோம். காலை ஒன்பதுக்கெல்லாம் மணல் கொதிக்கத் தொடங்கும். தரை சூடாகிக் காற்று மேலெழும்ப, பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே ஓடி வரும். அது வரும் நேரத்தைத் தென்னையோலைச் சத்தத்திலேயே சொல்லிவிடலாம். கிழக்குச் சன்னலையும் மேற்குக் கதவையும் திறந்துவிட்டால் வீடு முழுக்கக் காற்று நடந்துபோகும். பகல் முழுக்க மின்விசிறி போடாத நாட்கள் எத்தனையோ.

ஆனி, ஆடியில் மட்டும் நிலைமை தலைகீழ். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று, வழியெல்லாம் காய்ந்த தரையில் சூடேறி, தேரிக்காட்டுச் செம்மணலையும் அள்ளிக்கொண்டு வரும். அதற்குப் பெயர்தான் கச்சான். அது வலுத்த நாளில் கடற்காற்று கரையேறவே திணறும். சோற்றுத் தட்டில் மணல் கடிக்கும், உதடு வெடிக்கும். இங்கே எல்லாமே காற்றுப் பெயரில்தான் நடக்கும். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றைச் சொல்லித்தான் மாதத்தைச் சொல்கிறார்கள். "வாடை தொடங்கட்டும், அப்புறம் ஓடு மாத்தலாம்" என்பார் கொத்தனார். நாட்காட்டியைப் பார்த்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

வெயிலுக்குக் கூலியும் உண்டு. 2024-இல் வந்த ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில், பின்கட்டுத் தளத்தின்மேல் மூன்று கிலோவாட் தகடு போட்டோம். மானியம் 78,000 ரூபாய். நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் தருகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை கிணற்றுத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் படலம் படிந்துவிடும்.

அம்மா திண்ணைக்கு வந்து சேர்ந்த கதைதான் எனக்கு முக்கியம். வந்த முதல் மாதம் இங்கேயும் தொலைக்காட்சி முன்னால்தான் உட்கார்ந்தாள். ஒருநாள் மீன் விற்கிற ஒரு அக்கா திண்ணையில் கூடையை இறக்கி, "ஆச்சி, குடிக்கத் தண்ணி குடுங்க" என்று கேட்டார். அன்றைக்கு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். மறுநாளிலிருந்து அந்தக் கூடை எங்கள் திண்ணையில் இறங்காமல் போனதில்லை. இப்போது அம்மாவுக்குச் சாளைக்கும் சூடைக்கும் வித்தியாசம் தொட்டாலே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கரையில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஓடாது, அப்போது வள்ளம் என்கிற நாட்டுப்படகு மீன்தான் வரும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். நெத்திலி மலிகிற நாளில் இரண்டு கிலோ வாங்கி, தலை கிள்ளி, கல்லுப்பு புரட்டி, பனையோலைப் பாயில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரத்துவாள். முதல் வெயிலில் வெள்ளி மாதிரி மின்னும். உச்சிக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், அடிப்பக்கம் ஈரம் தங்கினால் நாறிவிடும். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒன்றை எடுத்து ஒடிப்பாள். சடக்கென்று ஒடிந்தால் டப்பாவுக்குள் போகும், வளைந்தால் இன்னொரு நாள் வெயில். காக்காவை விரட்ட மடியில் ஒரு கம்பு. தொலைக்காட்சியின் ரிமோட் எங்கே என்று அவள் கேட்டு வெகுநாளாகிறது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் இந்த ஊரைப் பற்றி நான் இன்னும் தெரிந்துகொண்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இந்த மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. எங்களுக்கு மின்சாரம் இல்லை, செல்பேசி இல்லை, எந்தப் பக்கமும் சாலை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி கதவைத் தட்டி, "ஆச்சியைத் தூக்கிட்டுப் போயிரட்டுமா?" என்று கேட்டான். வாசல்படிக்குக் கீழே வரை தண்ணீர் வந்து நின்றது, உள்ளே வரவில்லை. பழைய ஊர் மணல்மேட்டில் உட்கார்ந்திருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஓடைப்பக்கம் பள்ளத்தில் புதிதாகப் போட்ட மனைகளில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் தெருவே ஒன்றாகப் பொங்கிச் சாப்பிட்டது. மரக்கட்டைப் படகில் போய் ஆட்களைக் கூட்டி வந்தவர்கள் யாரும் காசு வாங்கவில்லை.

இப்போது விலை ஏறிக்கொண்டிருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்தே, வாரம் ஒரு வண்டி வந்து நின்று, "இங்க மனை எதுவும் வருமா?" என்று விசாரிக்கிறது. வாங்கிப் பூட்டுப்போட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டைக் கடற்காற்று சீக்கிரம் தின்றுவிடும். கொண்டி துருப்பிடிக்கும், கதவு ஊதிப்போகும், வெளியூர்க்காரர் வருடத்துக்கு ஒருமுறை வந்து பூட்டை உடைக்க ஆள் தேடுவார். தெருவிலும் ஒரு விளக்கு குறையும். வாங்குகிறவர்கள் வந்து இருங்கள், அல்லது இருக்கிறவர்களுக்கு வாடகைக்காவது விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த வாரம் ஆசாரி வருகிறார். கச்சான் தொடங்குவதற்குள் மேற்குச் சன்னல் கொண்டிகளை மாற்றிவிட வேண்டும். கடையில் எஃகுக் கொண்டி பார்த்துவைத்திருந்தேன். அம்மா தலையை ஆட்டிவிட்டாள். மீன் அக்கா வீட்டில் இருப்பது போலப் பித்தளைதான் வேண்டுமாம். முப்பது வருடமாக அது அப்படியே இருக்கிறதாம்.